போனது முழுசாகத் திரும்பி வரவேணும்: மீளப் பயன்படுத்தும் விண்கலம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் பக்கம் உயர்தர மாணவர்களுக்கு பௌதிகவியல் படிப்பிக்கிறேன். மாதத்தில் ஒரு இரவு சனசமூக நிலைய முற்றத்தில் பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து வானம் பார்ப்போம். பேப்பரில் "பரிசோதனை விண்கலம் சுற்றுப்பாதையில் ஏவப்பட்டது" என்று நான்கு வரிச் செய்தி வந்தால் போதும், அடுத்த வகுப்பில், கடையில், கோயில் வீதியில் என்று அதே சந்தேகங்கள் வரிசையாக வரும். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, நான் சொன்ன பதில்களைக் கீழே போட்டிருக்கிறேன். சுற்றுப்பாதையைப் பாடப்புத்தகத்தில் ஒழுக்கு என்று படித்திருப்பீர்கள், இரண்டும் ஒன்றுதான்.

சேர், உது ரொக்கெற்றோ, பிளேனோ, செய்மதியோ? ஒண்டும் விளங்கேல்லை.

மூன்றிலும் கொஞ்சம். போகும்போது ரொக்கெற்றின் தலையில் சுமையாகப் போகிறது, மேலே நிற்கும்போது செய்மதியைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது, வரும்போது இயந்திரத்தின் தள்ளல் இல்லாமல் இறக்கையால் மிதந்து வந்து ஓடுபாதையில் சில்லுப் பதிக்கிறது. அமெரிக்காவின் எக்ஸ்-37பி இப்படி ஒன்று. 8.9 மீற்றர் நீளம், இறக்கை முனைக்கு முனை 4.5 மீற்றர், ஏவும்போது எடை ஏறத்தாழ 5 தொன். நீளத்தில் எங்கள் மினிபஸ்ஸைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

சீனாவிடமும் ஒன்று இருக்கிறது. ஜியுச்சுவான் ஏவுதளத்திலிருந்து லோங் மார்ச் 2எஃப் ரொக்கெற்றில் 2020 செப்ரெம்பர் 4 இல் போய் இரண்டே நாளில் இறங்கியது. அடுத்தது 2022 ஓகஸ்டில் போய் 276 நாள் நின்றது, மூன்றாவது 2023 டிசெம்பரில் போய் 268 நாள் நின்றது. அந்தப் பயணங்கள் பற்றி சீனா வெளியிட்டது சில வரி அறிக்கைகள் மட்டும், கலத்தின் படத்தை வெளியிடவில்லை.

ஸ்பேஸ்எக்ஸ்காரர் ரொக்கெற்றைத் திருப்பிக் கொண்டந்து நிமிர்த்தி இறக்கீனம். உது அதுதானே?

இல்லை. ஆகக் கூடுதலாகக் குழப்பிக்கொள்ளும் இடம் இதுதான். ஃபால்கன் 9 இல் திரும்பி வருவது அடிக்கட்டம் மட்டும். 70 கிலோமீற்றர் அளவு உயரத்தில் கழன்று, சுற்றுப்பாதைக்குத் தேவையான வேகத்தில் மூன்றிலொன்றையும் எட்டாமலே திரும்பிவிடுகிறது. 2015 டிசெம்பரில் முதன்முதலாக இறக்கினார்கள், 2017 மார்ச்சில் இறக்கியதை மறுபடி ஏவினார்கள், இப்போது ஒரே அடிக்கட்டம் முப்பது தடவைக்கு மேல் பறந்திருக்கிறது. பெரிய சாதனை. ஆனால் அது சுற்றுப்பாதைக்குப் போய் வரவில்லை.

நாங்கள் பேசுவது சுற்றுப்பாதைக்கே போய், முழு வேகத்தோடு பூமியைச் சுற்றி, அந்த வேகம் முழுவதையும் இழந்து, சேதமில்லாமல் வந்து, திரும்பப் போகக்கூடிய கலத்தைப் பற்றி. ஏவும் ரொக்கெற்றை மிச்சம் பிடிப்பது ஒரு வேலை, ஏவப்பட்டதை மிச்சம் பிடிப்பது வேறு வேலை.

மேல போறதுதானே கஷ்டம், இறங்கிறது தன்பாட்டில விழுறதுதானே?

இதைக் கேட்டது பன்னிரண்டு வயதுப் பிள்ளை. நல்ல கேள்வி, ஆனால் உண்மை எதிர்ப்பக்கம் நிற்கிறது. சுற்றுப்பாதையில் உயரம் பெரிய விசயமில்லை, வேகம்தான் விசயம். 100 கிலோமீற்றர் உயரத்துக்கு ஒரு கிலோ பொருளைத் தூக்க ஏறத்தாழ 1 மெகாயூல் சக்தி போதும். அதே ஒரு கிலோவுக்கு சுற்றுப்பாதை வேகம் கொடுக்க, அதாவது செக்கனுக்கு 7.8 கிலோமீற்றர், மணிக்குச் சொன்னால் 28,000 கிலோமீற்றர், 30 மெகாயூல் வேண்டும்.

போகும்போது அந்தச் சக்தியைக் கொடுத்தது ரொக்கெற். வரும்போது அது எங்கே போகும்? முழுவதும் வெப்பமாகத்தான் வெளியேறவேணும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு லீற்றர் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து வற்றடிக்க 2.5 மெகாயூல் அளவு தேவை, அப்படியென்றால் கலத்தின் ஒவ்வொரு கிலோவும் 12 லீற்றர் தண்ணீரை வற்றடிக்கிற சக்தியைச் சுமந்துகொண்டு இறங்குகிறது. 5 தொன் கலமென்றால் 60,000 லீற்றர், ஆறு பெரிய பவுசர் தண்ணீர். அவ்வளவையும் அரை மணித்தியால அளவில் கொட்டித் தீர்த்துவிட்டு, உள்ளே இருக்கும் கருவிகள் சுடாமல் வந்து சேரவேணும். இறங்குவதுதான் முழுப் பரீட்சையும்.

அப்ப ஏன் எரிஞ்சு போகேல்லை? காத்தோட உரசிறதாலதானே சூடு வருது?

உரசுவதால் வரும் சூடு சிறு பங்குதான். சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குத் தெரியும், பம்பின் அடிப்பக்கம் சுடும், உள்ளே காற்று நெருக்கப்படுவதால். கலம் அந்த வேகத்தில் வரும்போது முன்னால் இருக்கும் காற்றுக்கு விலகிப்போக நேரமில்லை, நெருக்கப்பட்டு ஆயிரக்கணக்கான பாகைக்குச் சூடாகி ஒளிர்கிறது. அதனால்தான் கலத்தின் மூக்கையும் வயிற்றையும் மொட்டையாகச் செய்கிறார்கள். மொட்டையாக இருந்தால் அந்தச் சூடான காற்றுப் படலம் உடலைவிட்டுக் கொஞ்சம் தள்ளி நிற்கும், வெப்பத்தில் பெரும்பங்கு காற்றோடேயே போய்விடும். கூரான மூக்கு அழகாக இருக்கும், ஆனால் உருகிவிடும்.

மிச்சத்தைத் தாங்குவது ஓடுகள். அமெரிக்க விண்வெளி ஓடத்தின் (ஸ்பேஸ் ஷட்டில்) அடிவயிற்றில் ஒட்டியவை சிலிக்கா நாரால் செய்தவை, உள்ளே பத்தில் ஒன்பது பங்கு வெறும் வெளி. 1,260 பாகை செல்சியஸ் வரை தாங்கும். அதைவிடச் சுடும் மூக்கிலும் இறக்கை விளிம்பிலும் வலுவூட்டிய காபன், அது 1,650 பாகை வரை. விளக்கு வெளிச்சத்தில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு அம்மா, "அப்ப எங்கட ஓட்டு வீடு மாதிரி, ஒரு ஓடு போனாலும் ஒழுக்குத்தான்" என்றா. மழைக்கும் வெப்பத்துக்கும் வித்தியாசம் இருந்தாலும் அந்த ஒப்பனை சரி. ஏன் சரி என்று ஓடத்தைப் பற்றிய கேள்வியில் வரும்.

வேகத்தைக் குறைக்க கனக்க எரிபொருள் கொண்டுபோகவேணுமே?

வேண்டாம், அதுதான் இதில் அழகு. மணிக்கு 28,000 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு 300 ஐக் குறைத்தால் போதும். பாதையின் ஒரு பக்கம் காற்று மண்டலத்துக்குள் தாழ்ந்துவிடும், மிச்ச வேகத்தைக் காற்றே பறித்துவிடும். விண்வெளி ஓடம் வாலை முன்னால் திருப்பி மூன்று நிமிட அளவு எஞ்சினை எரிக்கும், ஒரு மணித்தியால அளவில் புளோரிடாவில் நிற்கும். எரிக்கும் இடம் பெரும்பாலும் எங்கள் இந்துசமுத்திரத்தின் மேல்தான், பூமியின் மறுபக்கத்தில் தொடங்கினால்தான் அங்கே போய் இறங்கலாம்.

காற்றை வைத்துப் பாதையை மாற்றும் வித்தையை எக்ஸ்-37பி இன்னும் ஒரு படி கொண்டுபோனது. 2024 ஒக்ரோபரில், மிகவும் நீண்ட நீள்வட்டப் பாதையில் இருந்துகொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் மேல் காற்றை மெல்லத் தொட்டுத் தொட்டுப் பாதையைச் சுருக்கும் பரிசோதனையைத் தொடங்கியதாக அறிவித்தார்கள். இறங்குவதற்கு இல்லை, எரிபொருளை மிச்சம் பிடிக்க.

இறக்கை இருந்தா ஏறேக்க இடைஞ்சல் இல்லையோ?

இடைஞ்சல்தான். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பெரிய பட்டம் ஏற்றுபவர்களைக் கேளுங்கள், பட்டத்தில் கட்டிய விண் நார் கூவிக்கொண்டு ஏறும்போது ஒரு பக்கம் காற்று கூடினால் நாலு பேர் பிடித்தாலும் கயிறு இழுத்துக்கொண்டு போகும். ரொக்கெற்றின் நுனியில் இறக்கை திறந்தபடி இருந்தால் அதேபோல் பக்கவாட்டாக இழுத்து ரொக்கெற்றையே வளைக்கப் பார்க்கும். எக்ஸ்-37பியை ஒரு மூடிக்குள் வைத்து அனுப்பி, காற்று மெலிந்த பிறகு மூடியைக் கழற்றி விடுகிறார்கள். கலம் சிறியதாக இருப்பதில் உள்ள பெரிய வசதி இதுதான்.

உள்ளுக்கை ஆக்கள் இருக்கினமோ?

இல்லை. எக்ஸ்-37பியிலும் சீனக் கலத்திலும் ஆள் கிடையாது, இறங்குவதும் தானியங்கியாகத்தான்.

பிறகேன் வருசக்கணக்கா மேல நிக்குது? போன வேலை முடிஞ்சா வரலாம்தானே?

நிற்பதே வேலை. ஓடத்துக்கு மின்சாரம் ஐதரசனிலிருந்து மின் எடுக்கும் எரிபொருட் கலங்களால் வந்தது, அந்த ஐதரசன் தீர்ந்தால் வரத்தான் வேணும், ஆகக்கூடிய பயணமே 17 நாள்தான். எக்ஸ்-37பி மேலே போய் சூரியத் தகட்டை விரிக்கிறது, சாப்பாடு கேட்க ஆளும் இல்லை. 2010 ஏப்ரல் 22 இல் போன முதற் பயணம் 224 நாள், 2022 நவம்பரில் முடிந்த ஆறாவது பயணம் 908 நாள்.

செய்தித் தலைப்பில் "பரிசோதனை" என்று வருவதன் பொருளும் இங்கேதான். சாதாரண செய்மதியில் ஒரு பொருளை வைத்து அனுப்பினால் அது என்ன ஆனது என்று தொலைவிலிருந்து அளவுகள் மட்டும் வரும். இதில் அந்தப் பொருளே கைக்கு வருகிறது. பல மாதம் கதிர்வீச்சிலும் சூட்டிலும் குளிரிலும் கிடந்த உலோகத் துண்டை, விதையை, மின் உறுப்பை ஆய்வுகூட மேசையில் வைத்து வெட்டிப் பார்க்கலாம். என் மாணவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இதைத்தான்.

அமெரிக்காவிட்டை முந்தியே பெரிய ஓடம் இருந்தது. அதை ஏன் நிப்பாட்டினவை?

1981 ஏப்ரல் 12 முதல் 2011 ஜூலை வரை 135 தடவை பறந்தது. ஒவ்வொரு ஓடமும் 100 தடவை போகும் என்று கணக்குப் போட்டார்கள், ஆகக்கூடப் போன டிஸ்கவரி 39 தடவை. விண்வெளிக்குப் போன ஐந்து ஓடங்களில் இரண்டு அழிந்து 14 பேர் இறந்தார்கள். சாலஞ்சர் 1986 ஜனவரி 28 இல் ஏறும்போது உடைந்தது. கொலம்பியா ஏறும்போது எரிபொருள் தாங்கியிலிருந்து உடைந்த நுரைத் துண்டு இடது இறக்கையின் காபன் விளிம்பில் பட்டு ஓட்டை போட்டது, ஓட்டை விழுந்தது 16 நாளும் தெரியவில்லை, 2003 பெப்ரவரி 1 இல் இறங்கும்போது சூடான வாயு அதற்குள்ளால் புகுந்தது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர். அந்த அம்மா சொன்ன ஒரு ஓட்டின் கதை இதுதான், நான் இதைச் சொல்லும்போதெல்லாம் முற்றம் அமைதியாகிவிடும்.

காசும் ஒரு காரணம். 24,000 க்கு மேற்பட்ட ஓடுகள், ஏறக்குறைய ஒவ்வொன்றும் வேறு வடிவம், ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் மனிதர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பழுது திருத்தவேணும். திரும்ப வந்தது, ஆனால் மலிவாகத் திரும்பப் போகவில்லை.

ரஷ்யா சும்மாவோ இருந்தது?

இல்லை. சோவியத்தின் புரான் ஓடம் 1988 நவம்பர் 15 இல் ஆளில்லாமல் இரண்டு சுற்று வந்து தானே ஓடுபாதையில் இறங்கியது. அந்தக் காலத்துக் கணினிகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வியப்பு அடங்கவில்லை. நாடு உடைந்தது, பணம் இல்லை, அது பிறகு பறக்கவே இல்லை. 2002 இல் கொட்டகைக் கூரை இடிந்து விழுந்து அழிந்தது. அதற்கு முன் வெப்ப ஓடுகளைச் சோதிக்க போர்-4 என்ற சிறிய கலத்தை 1982 இலிருந்து விட்டார்கள், முதல் இரண்டும் பரசூட்டில் வந்து விழுந்தது இந்துசமுத்திரத்தில்தான். சோவியத் கப்பல்கள் அதைத் தூக்குவதை அவுஸ்திரேலிய விமானம் படம் எடுத்தது, உலகத்துக்கு அப்படித்தான் தெரியவந்தது.

இந்தியா எந்த இடத்தில நிக்குது?

இஸ்ரோ படிப்படியாக வருகிறது. 2016 மே 23 இல் சிறிஹரிகோட்டாவிலிருந்து இறக்கை வைத்த சிறு கலத்தை 65 கிலோமீற்றர் உயரத்துக்கு அனுப்பி, ஒலியைப்போல் ஐந்து மடங்கு வேகத்தில் இறக்கி, வங்காள விரிகுடாவில் முடித்தார்கள். பிறகு தரையிறங்கும் பரிசோதனை: 2023 ஏப்ரல் 2, 2024 மார்ச் 22, 2024 ஜூன் 23 என்று மூன்று தடவை கர்நாடகத்தின் சள்ளகெரேயில் சினூக் ஹெலிகொப்டரில் நாலரைக் கிலோமீற்றர் உயரத்துக்குத் தூக்கிப் போட்டு, அது தானே ஓடுபாதையைத் தேடி வந்து இறங்கியது. புஷ்பக் என்று பெயர்.

இதைச் சுற்றுப்பாதைப் பயணம் என்று சிலர் பகிர்கிறார்கள், அது தவறு. ஒலியின் ஐந்து மடங்கு எங்கே, இருபத்தைந்து மடங்கு எங்கே? வேகம் ஐந்து மடங்கு கூடினால் சக்தி இருபத்தைந்து மடங்கு, மேலே சொன்ன தண்ணீர்க் கணக்கை நினையுங்கள். சுற்றுப்பாதைக்குப் போய்வரும் கலம் அவர்களின் அடுத்த படி. இறக்கையில்லாத ஒரு கலத்தை 2007 ஜனவரியில் 12 நாள் சுற்றவிட்டு வங்காள விரிகுடாவில் மீட்ட அனுபவம் கையில் இருக்கிறது.

சிறிஹரிகோட்டாவில விடுறது எங்களுக்குத் தெரியுமோ?

நேர்கோட்டில் 450 கிலோமீற்றர் அளவுதான், எங்களுக்கு நேர் வடக்கே. பூமி வளைவதால் முதல் 16 கிலோமீற்றர் உயரம் அடிவானத்துக்குக் கீழே மறைந்துவிடும், அதற்கு மேல் ஏறினால் மறைப்பு இல்லை. இருட்டு நேரத்தில், முகில் இல்லாமல், பருத்தித்துறைக் கடற்கரைபோல் வடக்கு திறந்த இடத்தில் நின்று பார்க்கலாம். முதல் ஒன்றிரண்டு நிமிடத்தில் எதுவும் தெரியவில்லை என்று வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள்.

இன்னொன்று, அங்கிருந்து தெற்கே துருவப் பாதைக்கு ஏவும்போது எங்கள் தீவின் மேலால் போகக்கூடாது என்பதற்காக ரொக்கெற்றை முதலில் கிழக்கே விட்டுப் பிறகு திருப்புகிறார்கள். அந்தத் திருப்பத்தில் சுமக்கக்கூடிய எடை குறைகிறது. தூத்துக்குடி மாவட்டத்தில் குலசேகரப்பட்டினத்தில் 2024 பெப்ரவரியில் அடிக்கல் நட்ட புதிய தளம் அதற்காகத்தான், சிறிய ரொக்கெற்றுகளை அங்கிருந்து நேரே தெற்கே விடலாம்.

மேல நிக்கிற கலத்தை எங்கட முற்றத்தில நிண்டு பாக்கேலுமோ?

ஏலும். யாழ்ப்பாணம் 9.7 பாகை வடக்கில் இருக்கிறது, அதைவிடக் கூடுதலாகச் சாய்ந்த பாதையில் சுற்றும் எதுவும் எங்கள் மேலால் எப்போதாவது கடக்கும். பொழுதுபட்டு ஒன்றரை மணித்தியாலத்துக்குள், அல்லது விடிவதற்கு முன் பாருங்கள். எங்களுக்கு இருட்டு, அதற்கு இன்னும் வெயில், அப்போதுதான் மின்னும். விமானம்போல் விட்டுவிட்டு ஒளிராமல் ஒரே வெளிச்சமாக சில நிமிடத்தில் வானத்தைக் கடந்து போகும். எக்ஸ்-37பியின் பாதையை அமெரிக்க விமானப்படை சொல்லவில்லை, ஆனால் 2010 இலேயே சில வாரத்தில் பொழுதுபோக்காக வானம் பார்ப்பவர்கள் வீட்டு முற்றத்திலிருந்து கண்டுபிடித்தார்கள். தொடங்குபவர்கள் சர்வதேச விண்வெளி நிலையத்தைப் பார்த்துக் கண்ணைப் பழக்குங்கள், அது பெரிது, பிரகாசம்.

உது ஆயுதம்தானே, ஒளிக்காமச் சொல்லுங்கோ.

இராணுவத்தின் கையில் இருக்கிறது என்பது உண்மை. எக்ஸ்-37 1999 இல் நாசாவில் தொடங்கி, பிறகு பாதுகாப்பு ஆராய்ச்சி முகவரகத்துக்கும் விமானப்படைக்கும் போய், இப்போது விண்வெளிப்படை வைத்திருக்கிறது. வெளியே சொன்னவை சில: மின்புல உந்துபொறி ஒன்றைச் சோதித்தது, சூரிய ஒளியை நுண்ணலையாக மாற்றும் கருவி, நாசாவின் விதைகள், 2025 ஓகஸ்டில் போனதில் லேசர்த் தொடர்பு. சொல்லாதவையும் இருக்கின்றன. சீனா "விண்வெளியை அமைதியாகப் பயன்படுத்த" என்கிறது.

என் கருத்தைக் கேட்டால், குண்டு போடுவதற்கு இப்படி ஒரு சுற்றுவழி தேவையில்லை, அதற்கு ஏவுகணை போதும். எனக்குக் கவலை வேறு: பாதை மாற்றக்கூடிய, சிறு பொருள்களை வெளியே விடக்கூடிய ஒரு கலம் மற்றவர்களின் செய்மதிக்குக் கிட்டப் போகவும் முடியும். சுனாமிக்குப் பிறகு வந்த எச்சரிக்கை முறைமுதல் கைத்தொலைபேசி வரைபடம்வரை நாங்கள் நம்பியிருப்பது செய்மதிகளை. என்ன செய்கிறார்கள் என்று அவர்கள் திறந்து சொல்லவேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

தலையில விழுந்தா ஆர் பொறுப்பு? நாங்கள் கடலுக்குப் போறனாங்கள்.

மயிலிட்டியிலிருந்து தொழிலுக்குப் போகும் ஒரு அண்ணை கேட்டார். ஏவிய நாடுதான் பொறுப்பு, தரையில் சேதம் நடந்தால் தவறு யாருடையது என்று நிரூபிக்கவே தேவையில்லை, விண்வெளிப் பொருள்களால் வரும் சேதம் பற்றிய 1972 சர்வதேச ஒப்பந்தம் அப்படிச் சொல்கிறது. 1978 இல் சோவியத்தின் கொஸ்மோஸ் 954 செய்மதி கனடாவில் சிதறியதற்கு 30 இலட்சம் கனேடிய டொலர் கொடுத்தார்கள். எங்களுக்கும் கிட்ட ஒன்று வந்தது: 2015 நவம்பர் 13 இல் ஒரு பழைய விண்வெளிக் குப்பைத் துண்டு தென்கரைக்கு அப்பால் கடலின் மேல் எரிந்து போனது, ஒருவருக்கும் ஒன்றுமில்லை.

மீளப் பயன்படுத்தும் கலம் இந்த விசயத்தில் நல்லது, தான் இறங்கும் இடத்தைத் தெரிந்து இறங்குகிறது. ஏவும் ரொக்கெற்றின் கழன்ற பகுதிகள்தான் கடலில் விழும். அந்தப் பகுதிகளுக்குக் கடலோடிகளுக்கான எச்சரிக்கை முன்கூட்டியே வரும், இந்தப் பிராந்தியத்தில் அதை இந்தியா ஒருங்கிணைக்கிறது. ஏவும் நாளில் உங்கள் சங்கத்தில் கேட்டுவிட்டுப் போங்கோ அண்ணை.

பலாலியில இறக்கேலாதோ?

ஓடத்துக்குக் கட்டிய புளோரிடா ஓடுபாதை 4,572 மீற்றர், கொழும்புக்குப் பக்கத்துக் கட்டுநாயக்கா விமான நிலையமே 3,350 மீற்றர்தான். ஓடம் மணிக்கு 350 கிலோமீற்றர் அளவில் தரையைத் தொடும், எஞ்சின் இல்லாததால் தவறவிட்டால் திரும்ப எழும்பி வட்டமடிக்க வழியில்லை. எங்கள் பலாலி விமான நிலையத்துக்கு இது சரிவராது.

ஒருக்காப் போய் வந்ததை "மீளப் பயன்படுத்திறது" எண்டு சொல்லலாமோ?

வகுப்பில் பின்வாங்கில் இருந்து வந்த கேள்வி, இந்தப் பக்கத்திலேயே கடினமானது. சொல்லக்கூடாது என்பதுதான் என் பதில். புரான் திரும்பி வந்தது, மறுபடி போகவில்லை. சீனாவின் முதல் மூன்று பயணமும் ஒரே கலமா என்று அவர்கள் சொல்லவில்லை. எக்ஸ்-37பியில் முதற் கலம் 2010 டிசெம்பர் 3 இல் இறங்கி 2012 டிசெம்பர் 11 இல் திரும்ப ஏறியது, அதனால் அந்தப் பெயர் அதற்குப் பொருந்தும், இடையில் இரண்டு வருடம் போயிருந்தாலும்.

ஆகவே அடுத்த முறை செய்தி வந்தால் எத்தனை நாள் மேலே நின்றது என்பதோடு நிறுத்தாமல், இறங்கிய அதே கலம் எத்தனை நாளில் மறுபடி ஏறியது என்று தேடிப் பாருங்கள். அட்லாண்டிஸ் ஓடம் 1985 ஒக்ரோபர் 7 இல் இறங்கி நவம்பர் 26 இல் திரும்பப் போனது, 50 நாள். சுற்றுப்பாதைக்குப் போய்வந்த இறக்கைக் கலங்களில் அதைவிடக் குறைந்த இடைவெளியில் திரும்பப் போனதாக ஒன்றையும் நான் படித்ததில்லை.